61 நாள் தடை போட்டும் கடலில் மீன் ஏன் குறைகிறது?

கேள்வி இதுதான்: "ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்று படகுகளை நிறுத்துகிறார்கள், நிவாரணமும் தருகிறார்கள். அப்படியும் மீன் குறைந்துகொண்டே போகிறது என்கிறார்கள். பிறகு தடையால் என்ன பயன்? கடலை வேறு எப்படித்தான் காப்பது? மீன் வாங்கிச் சாப்பிடுகிற எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?"

தடைக்காலத்தால் பயன் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பது, இரண்டு மாதம் ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு மீதிப் பத்து மாதம் நாற்றங்காலில் அவிழ்த்துவிடுவது மாதிரி. எத்தனை நாள் பிடித்தோம் என்று எண்ணுவது சுலபம். எந்த மடியை, அதாவது எந்த இழுவை வலையை, எந்தத் தரையில் இழுத்தோம் என்று கேட்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான கேள்வியை நாற்பது வருடமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறோம் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். அத்தனையையும் ஒரு பதிலில் அள்ள முடியாது. எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தெரிந்த ராமநாதபுரம் பக்கத்துக் கடலை வைத்துச் சொல்கிறேன். ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு கண்ணுக்கு ஒன்று, மறு கண்ணுக்கு மற்றொன்று. இரண்டும் வேறு வேறு கடல்கள், இரண்டுக்கும் நேர்ந்ததும் வேறு வேறு.

முதலில் தடைக்காலம். தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாளாகத் தொடங்கி, 2017-ல் 61 நாளானது. மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுகளுக்குத்தான்; நாட்டுப்படகுகள் கரையோரம் போகலாம். நோக்கம், மீன் முட்டையிடும் காலத்தில் கடலைச் சும்மா விடுவது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாட்டுக் கடல்களில் பல மீன்களுக்கு முட்டையிட ஒரு குறிப்பிட்ட பருவம் இருக்கும். நம்முடைய வெப்பக் கடலில் ஒரே மீன் வருடத்தில் பல முறை முட்டையிடும், ஒவ்வொரு இனமும் வெவ்வேறு மாதத்தில் உச்சம் தொடும். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்குள் அத்தனையும் அடங்காது. ஆகவே தடைக்காலத்தின் உண்மையான பலன் வேறு. இறால் மாதிரி ஒரு வருடமோ கொஞ்சம் கூடவோ வாழ்கிற உயிர்களுக்கு இரண்டு மாதம் என்பது வாழ்நாளில் பெரிய பங்கு. அந்த இரண்டு மாதத்தில் குஞ்சு இறால் விலைபோகும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஜூன் 15 விடியற்காலை படகுகள் வரிசை கட்டிப் புறப்பட்டு மறுநாள் நிறைந்த மடியோடு திரும்புவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சேர்த்து வைத்த வட்டியைச் சில வாரத்தில் எடுத்துவிடுகிறோம், அதன்பிறகு மூலதனமான முதலிலேயே கைவைக்கிறோம்.

முதல் என்று நான் சொல்வது தரையை. கடலடித் தரை.

இழுவைமடி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். பை மாதிரி நீண்ட வலை. வாய் அகலத் திறந்திருக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள். வாயின் கீழ் ஓரத்தில் சங்கிலியும் ஈயமும், தரையோடு ஒட்டிப் போக. இறால் மண்ணுக்குள் பதுங்கும் பிராணி. தரையைக் கிளறினால்தான் வெளியே வரும். எனவே தரையைக் கிளறுவது இந்தத் தொழிலின் விபத்து அல்ல, தொழிலே அதுதான். மடி மணிக்கணக்கில் இழுபடும். வழியில் இருக்கும் புல், கடற்பஞ்சு, நண்டு, சங்கு, குஞ்சு குருமான் எல்லாம் பைக்குள்.

பையின் கடைசிப் பகுதியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. சாதாரண வைர வடிவக் கண்ணி இழுக்கும்போது இறுகி மூடிக்கொள்ளும். அதனால்தான் சதுரக் கண்ணி போடச் சொல்கிறார்கள். அது இழுவையிலும் திறந்தே இருக்கும், குஞ்சு தப்பும். ஆனால் குஞ்சு தப்பினால் சங்காயமும் குறையும். சங்காயம் என்றால் பெயர் சொல்லி விற்க முடியாத பொடிமீன் குவியல். அதைக் காயவைத்து மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். ஒருமுறை இறங்குதளத்தில் அப்படி ஒரு குவியலைக் காலால் விலக்கிப் பார்த்தேன்: விரல் நீள விளமீன், பாதி விரல் பாறை மீன், தீப்பெட்டி அளவு கணவாய். அத்தனையும் ஆறு மாதம் கழித்துக் கிலோ நூற்றுக்கணக்கில் விலைபோயிருக்க வேண்டியவை. அன்று கிலோ சில ரூபாய்க்குப் போயின. மீன் சாப்பிடாத சைவக்காரரின் முட்டைக்குள்ளும் கொஞ்சம் பாக் விரிகுடா இருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்த மடி நம் கடலில் தானாக முளைக்கவில்லை. 1950களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய திட்டத்தின் வழியாகத்தான் இயந்திரப் படகு பரவியது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை என்று தெரிந்ததும் அரசே மானியம் கொடுத்துப் படகு கட்டவைத்தது. கரையோரத்தில் கட்டுமரக்காரர் வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போக, 1970களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுக் கரை முழுக்க மோதல், தீவைப்பு, உயிர்ச்சேதம். அந்தக் கலவரத்தின் பிள்ளைதான் 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று அது கோடு போட்டது. ராமேஸ்வரம் பக்கத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: வாரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு; மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. எனக்கு இந்த நாள் ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு. ஏட்டுச் சட்டத்தைவிட அது கூடுதலாக மதிக்கப்பட்டது. காரணம் எளிது: பக்கத்து ஊர்க்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் பாக் விரிகுடாவின் புவியியல் இந்த மடிக்குப் பொருந்தவே இல்லை. அது ஒரு பெரிய தாம்பாளம். பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு 20 கடல் மைலுக்கும் குறைவு. கரையோரத்தை நாட்டுப்படகுக்கு விட்டுவிட்டால், இந்திய-இலங்கை எல்லைக்கோட்டுக்கு முன்னால் விசைப்படகுக்கு மிஞ்சுவது ஒரு கீற்று. அதில் இத்தனை படகு இத்தனை வருடம் இழுத்தால் தரையில் என்ன இருக்கும்? அதனால் கோட்டைத் தாண்டுகிறார்கள். அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மன்னார், நெடுந்தீவு மீனவர்கள். போர்க்காலத்தில் அவர்கள் கடலுக்குப் போகவே கட்டுப்பாடு. 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கிப் போட்டால், காலையில் வலை இல்லை. இலங்கை 2017-ல் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது.

இங்கே மேடைகளில் தொப்புள்கொடி உறவு பேசுகிறோம். நெடுந்தீவுக்காரரின் வலையை அறுக்கும்போது அந்தக் கொடி நினைவுக்கு வருவதில்லை. இதைச் சொன்னால் துரோகி என்பார்கள், பரவாயில்லை. அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன்: இலங்கைக் கடற்படையிடம் அடிபட்டு, சிறையில் கிடந்து, சிலர் உயிரையும் விட்டது படகின் உரிமையாளர்கள் அல்ல, பெரும்பாலும் கூலிக்கும் பங்குக்கும் போன தொழிலாளிகள். படகு பிடிபட்டால் நஷ்டம் சம்மாட்டிக்கு, அதாவது உரிமையாளருக்கு; ஆள் பிடிபட்டால் நஷ்டம் ஒரு குடும்பத்துக்கு. தீர்வு பேசும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

தீர்வு முயற்சி நடக்காமல் இல்லை. இழுவைப்படகை ஒப்படைத்தால் ஆழ்கடலில் சூரை பிடிக்கும் 80 லட்ச ரூபாய்ப் படகு, அதில் 70 சதவீதம் மானியம், மூன்று வருடத்தில் 2,000 படகு என்று 2017-ல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். இலக்கின் ஓரத்தைக்கூட அது தொடவில்லை. திட்டம் போட்டவர்கள் படகை மாற்றினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். பாக் விரிகுடாக்காரருக்குத் தெரிந்தது மாலை போய்க் காலை திரும்பும் தொழில். சூரைக்கு வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும், தூண்டில் தொழில் தெரிய வேண்டும், படகு நிறுத்த ஆழமான துறைமுகம் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் அரபிக்கடலின் அக்கரை வரை போவார்கள். அது அவர்கள் தலைமுறையாகக் கற்றது. அந்தக் கையை மானியத்தில் வாங்க முடியாது. அதோடு மீதித் தொகைக்கு வங்கித் தவணை. கூலியாளுக்கோ திட்டத்தில் இடமே இல்லை.

இனி அந்தத் தரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பாக் விரிகுடாவின் பெரிய சொத்து கடற்புல். பாசி வேறு, புல் வேறு. கடற்புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு, நிலத்துத் தாவரம் மாதிரியே. இறால் குஞ்சு, நண்டு, கணவாய் முட்டை, விளமீன் குஞ்சு எல்லாவற்றுக்கும் அதுதான் தொட்டில். அதை மேய்கிற பிராணி ஆவுளியா என்கிற கடல்பசு. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் தின்னும். எழுபது வருடம் வரை வாழும், ஆனால் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவில் மூன்று முதல் ஏழு வருடம். இந்தியா முழுக்க இருநூற்றைம்பதுக்கு மேல் இல்லை என்பதுதான் மதிப்பீடு. பத்து செத்தால் ஈடுகட்ட எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது காற்றை மூச்சிழுக்கும் விலங்கு என்பதால் செவுள் வலையில் சிக்கினாலும் மூழ்கிச் சாகும். இந்தப் பழி விசைப்படகுக்கு மட்டும் உரியது அல்ல.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது, நாட்டிலேயே முதல் முறையாக. இதில் எனக்குப் பிடித்தது, இது தேசியப் பூங்கா மாதிரி ஆளை விரட்டும் ஏற்பாடு இல்லை என்பது. நாட்டுப்படகுக்காரர் தொழில் தொடரும். வலையில் சிக்கிய கடல்பசுவை உயிரோடு விட்டவர்களுக்கு வனத்துறை பணமும் பாராட்டும் கொடுக்கிறது, அறுந்த வலைக்கு ஈடாக. பத்து ரோந்துப் படகு செய்யாததை இது செய்யும். அழிந்த இடத்தில் புல்லை மறுபடி நடவும் செய்கிறார்கள். மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் புல்லைச் செருகிக் கடலடியில் பதிக்கும் முறையை இந்தக் கரையில் ஓம்கார் என்ற அமைப்பு செய்து காட்டியிருக்கிறது. சட்டமும் கயிறும் மக்கிப் போகும், புல் நிற்கும். நல்ல வேலைதான். ஆனால் கையால் நட்டு மாதக்கணக்கில் வளர்த்ததை ஒரே ஒரு இழுவை அரை மணியில் பிடுங்கிவிடும். நடுவதை நிகழ்ச்சியாகப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் யாரும் பிடுங்குவதைப் பற்றிப் பேசக் காணோம்.

தெற்கே மன்னார் வளைகுடாவின் கதைக்கு வருகிறேன். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. 1986-ல் 560 சதுர கிலோமீட்டர் கடல் தேசியப் பூங்கா ஆனது, 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். காகிதத்தில் 21 என்றாலும் கண்ணுக்குத் தெரிவது 19. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. பெயரிலேயே சல்லி இருப்பதைக் கவனியுங்கள்; உடைந்த பவளக்கல்லைத்தான் சல்லி என்பார்கள். அந்தக் கல்லைப் பல காலம் கடப்பாரையால் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைக்கும் ஏற்றினோம். அலையைத் தடுத்த பாறை போனதும் மணல் தீவு நிற்கவில்லை. பூங்கா அறிவித்தபிறகும் பல வருடம் கல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2004 சுனாமியில் பாறையும் தீவும் அலைக்கு முன்னால் நின்றதைக் கரை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். 2005 வாக்கில் கல்லெடுப்பு நின்றேபோனது. சட்டமா, பயமா என்று கேட்டால், இரண்டும் சேர்ந்தபோதுதான் என்பேன்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி சிமெண்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. இப்போது காரைச்சல்லித் தீவுக்கும் அதே வைத்தியம். உடைத்தது கடப்பாரைக் கூலி, சேர்ப்பது கோடிக் கணக்கு.

காவல் போட முடியாத எதிரி ஒன்றும் வந்துவிட்டது. கோடையில் கடல் சூடு 30 பாகையைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளம் தன் உடலுக்குள் குடிவைத்திருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். அந்தப் பாசிதான் அதற்குச் சோறும் நிறமும். பவளம் வெளுத்துப் போகும், சூடு தணியாவிட்டால் சாகும். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடா இதை மறுபடி மறுபடி கண்டிருக்கிறது. இதற்கு ராமநாதபுரம் ஆட்சியர் என்ன செய்ய முடியும்? ஒன்றுதான்: மற்றத் தொல்லைகளைக் குறைத்துக் கொடுப்பது. சாக்கடையும் சேறும் மடியும் இல்லாத பாறை சூட்டிலிருந்து தேறிவரும். ஏற்கனவே நோஞ்சானாக இருப்பது தேறாது.

இந்தத் தீவுகளைச் சுற்றிக் காலங்காலமாகப் பாசி எடுத்து வந்தவர்கள் பெண்கள். சின்னப்பாலம், பாரதிநகர் மாதிரி ஊர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பார்கள். பூங்கா வந்ததும் இவர்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். படகைப் பிடிப்பது, அபராதம், பாசியைக் கொட்டச் சொல்வது எல்லாம் நடந்தது. இவர்கள் வாயால் மட்டும் சண்டை போடவில்லை, தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. இரும்புக் கருவியால் சுரண்டுவதில்லை, கையால்தான். கோடையில் பாசி வளரும் காலத்தில் எடுப்பதே இல்லை. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற உலக விருது கிடைத்தது இதற்காகத்தான். கடல் மேலாண்மை என்று வகுப்பெடுக்கிற யாரும் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் இந்த ஊர்களின் திண்ணை.

இதற்கு நேர் எதிராக, மேலிருந்து வந்த பாசி ஒன்றின் கதையும் உண்டு. காப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவையில் வளர்த்தால் நல்ல வருமானம் என்று 2000களின் தொடக்கத்தில் வணிக அளவில் கொண்டுவந்தார்கள். உண்மையிலேயே பல குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வருமானம் கிடைத்தது. 2008-ல் பார்த்தால் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் அது போர்வை மாதிரி படர்ந்து மூச்சை அடைத்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இப்போது மாவட்டத்தில் வளமாவூர் பக்கம் பெரிய கடற்பாசிப் பூங்கா வருகிறது. வரட்டும். எந்தப் பாசி, பவளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் என்ற கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே பதில் வேண்டும்.

உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பிச்சாவரத்தை ஒரு பத்தியில் சொல்லாமல் தாண்ட மனமில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரமே அலையாத்தி இனம்தான். கோயில் வருவதற்கு முன்பே அங்கே காடு இருந்தது. பிச்சாவரத்தில் ஒரு காலத்தில் கூப்பு முறையில் மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து பள்ளமாகி, உள்ளே வந்த நீர் வெளியேறாமல் உப்பு ஏறிப் பொட்டலானது. வருடக்கணக்கில் கன்று நட்டும் பிழைக்கவில்லை. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அதன் காரணத்தைக் கண்டுபிடித்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். ஏற்றவற்ற நீர் உள்ளே போய் வரத் தொடங்கியது, கன்று நின்றது. மரம் நடுவது பிரச்சினையே இல்லை, தண்ணீருக்கு வழிதான் பிரச்சினை. இன்றும் பல இடங்களில் வாய்க்காலைப் பார்க்காமல் கன்றை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாப் பழியும் மடிக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் 3,297 டன். எழுத்துப் பிழை இல்லை, ஆயிரம்தான். மத்தி மேல்நீரில் கூட்டமாகத் திரியும் மீன்; தரையை இழுப்பதோடு அதற்குச் சம்பந்தம் குறைவு. எல் நினோ வருடங்களில் கடல் சூடாகி அதன் உணவு குறைந்தது ஒரு பக்கம். மெலிந்த கூட்டத்தையும் குஞ்சையும் விடாமல் வளைத்து அள்ளியது மறுபக்கம். கேரளம் மத்தி 10 சென்டிமீட்டருக்கும் அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று தொடங்கி, 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தது. துறைமுகத்திலேயே அளந்து அபராதம் போடுகிறார்கள். அடுத்த வருடங்களில் மத்தி மறுபடி லட்சம் டன்னைத் தாண்டியது. கடல் தணிந்ததாலா, விதியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது; ஆனால் விட்டுவைத்த மீன் இருந்ததால்தான் பெருக முடிந்தது.

முழுக்கக் கட்டுப்பாட்டால் மீண்டதற்கு உதாரணம் வேண்டுமென்றால் கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயல். அங்கே மட்டிச் சிப்பி ஏற்றுமதி சூடு பிடித்து, 1990களின் தொடக்கத்தில் உற்பத்தி பாதியாகச் சரிந்தது. 1993 முதல் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை எடுப்பதில்லை, வலைக் கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை, பொடி மட்டியை ஏற்றுமதியாளர் வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு. இருபது வருடம் அதைக் கடைப்பிடித்து, 2014-ல் கடலைக் கெடுக்காமல் பிடிக்கும் தொழிலுக்குத் தரும் எம்.எஸ்.சி. சான்றிதழை இந்தியாவிலேயே முதலாவதாக அந்த மட்டித் தொழில் வாங்கியது. மூன்று விதியில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. பொடியை வாங்க ஆள் இல்லை என்றால் எடுக்கவும் ஆள் இருக்காது.

அதனால்தான் பாக் விரிகுடாவுக்கும் இதையே சொல்கிறேன். கண்ணி அளவைச் சோதிக்க நடுக்கடலுக்கு ரோந்து போகவேண்டிய அவசியமில்லை. இறங்குதளத்தில் ஒவ்வொரு படகின் சங்காயத்தையும் எடைபோட்டு எழுதுங்கள். பிடித்த மொத்த மீனில் பாதி சங்காயம் என்றால் அந்த மடி எப்படிப்பட்டது என்று அதுவே சாட்சி சொல்லும். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டருக்கும் மேல் வரிவிலக்கு டீசல் கொடுக்கிறோம். அந்தச் சலுகையை இந்தக் கணக்கோடு கட்டுங்கள். பொடியைக் குறைத்தவருக்கு முழு டீசல், கூட்டியவருக்குப் பாதி. படகு ஒப்படைப்புத் திட்டம் மறுபடி வந்தால், உரிமையாளருக்குப் பணம் கொடுக்கும்போதே அதில் போன ஐந்தாறு ஆட்களுக்கும் பங்கு எழுதுங்கள். ஆற்று முகத்துவாரம், புல்வெளி இரண்டையும் 61 நாள் என்றில்லாமல் 365 நாளும் மடிக்கு மூடுங்கள். தூண்டிலும் மீன்கூடும் செவுள் வலையும் வந்துபோகட்டும். கடைசியாக, ஒரே விரிகுடாவுக்கு இரண்டு நாட்டில் இரண்டு சட்டம் என்பது நடக்காத காரியம். கடல் அட்டையைப் பாருங்கள்: இந்தியாவில் 2001 முதல் தொடவே கூடாது, இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணையும் வைக்கலாம். அட்டைக்கு எல்லைக்கோடு தெரியாது. கடத்துகிறவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடியும், மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடியும் தனிப் பெரிய வழக்கு. சுருக்குமடியைத் தமிழ்நாடு தடை செய்ய, 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் இரண்டு நாள் பகலில் மட்டும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி கொடுத்தது. அதை இங்கே இழுத்தால் பதில் முடியாது. பங்குனி ஆமையையும் ஒரு வரியில் விடுகிறேன்: 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. மடிக்குள் மூச்சுத்திணறிச் செத்தவை பெரும்பாலும். ஆமை தப்பிப் போகும் இரும்புச் சட்டத்தை மடியில் பொருத்துவது பெரிய செலவு இல்லை. அது இல்லாததற்காகவே அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்திருக்கிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, சாப்பிடுகிறவர் என்ன செய்யலாம்.

தடைக்காலத்தில் மீன் வாங்குவதே தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அப்போது கரையோரக் கடைக்கு வருவது பெரும்பாலும் நாட்டுப்படகு மீன். வருடத்தில் அவர்களுக்கு நல்ல விலை கிடைக்கும் ஒரே காலம் அது. தாராளமாக வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்கினால் இன்னும் நல்லது. குட்டி வஞ்சிரம் விலை குறைவாக இருக்கிறது என்று முழுசாகத் தூக்காதீர்கள். வஞ்சிரம் முதன்முதலாக முட்டையிட ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வளர வேண்டும். முழங்கை நீளத்தில் வாங்குவது எல்லாம் குழந்தை. சினை நண்டை, முட்டை வெளியே ஆரஞ்சு நிறத்தில் தொங்குவதை, விரும்பிக் கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். வஞ்சிரம், வவ்வால், இறால் என்று மூன்றே பெயரைச் சுற்றாமல் சூடை, காரப்பொடி, நெத்திலி, ஊளி என்று மாற்றி மாற்றி வாங்கினால் கடலில் ஒரே இனத்தின் மேல் விழும் அடி குறையும், உங்கள் பணமும் மிஞ்சும். வாங்கும்போது மீன்கார அக்காவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நாட்டுப்படகு மீனா, போட்டு மீனா?" போட்டு என்றால் விசைப்படகு. அவருக்குத் தெரியும். போட்டு மீன் என்றால் ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்பதும் தெரியும். நாலு பேர் தொடர்ந்து கேட்டால் அதையும் சொல்லிவிடுவார்.